மசோதா சட்டமாவதற்குள் நாம் எங்கே பேசலாம்?

நாடாளுமன்றம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது செய்தியில் ஓடும் அரை நிமிடக் காட்சிதான். உறுப்பினர்கள் எழுந்து நின்று முழக்கமிடுகிறார்கள், பதாகைகளைத் தூக்கிப் பிடிக்கிறார்கள், அவைத்தலைவர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டுகிறார், அவை ஒத்திவைக்கப்படுகிறது. "இவர்களை டெல்லிக்கு அனுப்பி என்ன பயன்?" என்று கேட்டுவிட்டு நாம் சேனலை மாற்றிவிடுகிறோம். அந்த அலுப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அரை நிமிடத்தில் வராத வேலைதான் அங்கே அதிகம். ஒரு சட்டம் உருவாகும் வழியில் நான்கைந்து இடங்களில் பொதுமக்கள் எழுதலாம், கேட்கலாம், சில சமயம் நேரில் போய்ச் சொல்லவும் செய்யலாம். அந்த இடங்கள் எவை, எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை விரலில் மை வைத்துக்கொள்வதோடு நம் பங்கு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

அந்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவதற்குத்தான் இதை எழுதுகிறேன். எடுத்துக்கொள்வது இந்திய நாடாளுமன்றத்தை மட்டும். வழி நெடுக உதாரணமாக வரப்போவது திருநர் (திருநங்கைகள், திருநம்பிகள் உள்ளிட்டோர்) உரிமைச் சட்டம். எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகம், கையில் பணமோ பெரிய ஓட்டு வங்கியோ இல்லாதவர்கள், ஒரு மசோதாவின் வாசகங்களை எப்படி மாற்ற வைத்தார்கள் என்பது அந்தக் கதையில் துலக்கமாகத் தெரிகிறது.

முதலில் யார் யார் என்று பார்த்துவிடலாம்

அரசமைப்பின் 79வது பிரிவுப்படி குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை மூன்றும் சேர்ந்ததுதான் நாடாளுமன்றம். மக்களவையில் நாம் நேரடியாக ஓட்டுப் போட்டு அனுப்பும் 543 பேர். அதில் தமிழ்நாட்டிலிருந்து 39, புதுச்சேரியிலிருந்து ஒருவர். மாநிலங்களவையில் 245 இடங்கள். அதில் 233 பேரைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். தமிழ்நாட்டுக்கு அங்கே 18 இடம். மக்களவை கலையும், மாநிலங்களவை கலைவதே இல்லை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெற, அந்த இடங்களுக்குப் புதியவர்கள் வருவார்கள். இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியம். அரசாங்கம் வேறு, நாடாளுமன்றம் வேறு. பிரதமரும் அமைச்சர்களும் அரசாங்கம். அவர்களைக் கேள்வி கேட்பதும், அவர்கள் கேட்கும் பணத்தைச் சரிபார்த்துக் கொடுப்பதும், அவர்கள் கொண்டுவரும் சட்டத்தை அலசுவதும் நாடாளுமன்றத்தின் வேலை. அமைச்சராக இல்லாத ஆளுங்கட்சி எம்.பி.க்கும் இதே வேலைதான். "நம்ம எம்.பி. ஆளுங்கட்சி, அவர் எப்படிக் கேள்வி கேட்பார்?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கேள்வி கேட்பதும் சேர்ந்ததுதான் அவருக்குக் கொடுத்த வேலை என்பதை அவரிடமே நினைவுபடுத்தலாம்.

நாம் எம்.பி.யிடம் எதைக் கேட்கிறோம் என்பதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. சாக்கடை அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை என்றால் அது கவுன்சிலரிடமும் உள்ளாட்சி அலுவலகத்திடமும் சொல்ல வேண்டியது. காவல்துறை, பொதுச் சுகாதாரம், நிலம் ஆகியவை மாநிலப் பட்டியலில் வருவதால் எம்.எல்.ஏ.விடம் போக வேண்டும். ரயில், அஞ்சல், ராணுவம் எல்லாம் ஒன்றியப் பட்டியல். கல்வியும் காடுகளும் 1976இல் 42வது திருத்தத்தின் மூலம் பொதுப் பட்டியலுக்குப் போனதால் அவற்றில் இரு அரசுகளும் சட்டம் போடலாம். எம்.பி.க்குத் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. அதில் சமுதாயக்கூடமும் பேருந்து நிழற்குடையும் கட்டிக் கொடுப்பதால் எம்.பி. என்றால் கட்டடம் கட்டித் தருபவர் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. நிழற்குடை நல்லதுதான். ஆனால் எந்தச் சட்டத்துக்கு எப்படி வாக்களித்தீர்கள், எந்த நிலைக்குழுவில் (ஒரு துறையின் மசோதாக்களை அலசும் எம்.பி.கள் குழு) இருக்கிறீர்கள், போன கூட்டத்தொடரில் என்ன கேள்வி கேட்டீர்கள் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. யாரும் கேட்காத வேலை மெல்ல மெல்லப் பின்னுக்குப் போவது எங்கும் நடப்பதுதான்.

மசோதா அவைக்கு வரும் முன்பே

சட்டத்தின் முதல் வரைவை எழுதுவது பெரும்பாலும் ஒன்றிய அரசின் ஓர் அமைச்சகம். 2014 தொடக்கத்தில் ஒன்றிய அரசே ஒரு கொள்கை வகுத்தது. அதன்படி எந்த மசோதாவையும் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவருமுன், வரைவையோ அதன் முக்கிய விவரங்களையோ குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும். ஏன் இந்தச் சட்டம், இதனால் யாருக்கு என்ன பாதிப்பு, எவ்வளவு செலவு என்ற விளக்கமும் எளிய மொழியில் கூடவே இருக்க வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் அமைச்சகம் வெளியிட வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது கொள்கைதான், சட்டம் இல்லை. பின்பற்றாவிட்டால் மசோதா செல்லாமல் போகாது. அதனால் சில மசோதாக்கள் ஒரு நாள்கூட மக்கள் பார்வைக்கு வராமல் நேராக அவைக்குப் போய்விடுகின்றன. 2020இன் மூன்று வேளாண் சட்டங்களும் அந்த ஜூன் மாதம் அவசரச் சட்டங்களாகவே பிறந்தன. செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. எந்தக் குழுவுக்கும் அனுப்பப்படவில்லை. விவசாயிகள் பேச வேண்டிய இடம் அமைச்சகத்தின் மேசையாகவோ குழுவின் அறையாகவோ இருந்திருக்க வேண்டும். அந்த இடங்கள் கிடைக்காதபோது டெல்லியின் எல்லைச் சாலைகளில் ஓராண்டு உட்கார வேண்டி வந்தது. 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. முன்கூட்டியே கேட்டிருந்தால் எத்தனை உயிர்கள், எத்தனை குளிர் இரவுகள் மிஞ்சியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வரைவு வெளியானாலும் இன்னொரு தடை இருக்கிறது: மொழி. பெரும்பாலான வரைவுகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகின்றன. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தபோது இதைத்தான் ஒரு வழக்கில் கேட்டார்கள். அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, கருத்துச் சொல்லும் காலத்தையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டியது. ஒரு வரைவு நம் கைக்குக் கிடைத்து, அது நமக்குப் புரியாத மொழியில் இருந்தால், "தமிழில் தாருங்கள், காலக்கெடுவையும் நீட்டுங்கள்" என்று எழுதுவதே ஒரு முறையான கருத்துதான். சலுகை கேட்பதாகத் தயங்க வேண்டியதில்லை.

அவைக்குள் மூன்று கட்டம்

மசோதாவை அறிமுகப்படுத்துவது முதல் கட்டம். அதன் நோக்கத்தை விவாதித்து, பிறகு உட்பிரிவு உட்பிரிவாக எடுத்து, திருத்தங்களுக்கும் வாக்கெடுப்பு நடத்துவது இரண்டாவது. முழு மசோதாவையும் நிறைவேற்றுவது மூன்றாவது. பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான். ஆதரிப்பவர்கள் ஆம் என்பார்கள், எதிர்ப்பவர்கள் இல்லை என்பார்கள், எந்தக் குரல் ஓங்கியது என்று அவைத்தலைவர் முடிவு சொல்வார். உறுப்பினர்கள் கோரினால் எண்ணி வாக்கெடுப்பு நடக்கும், அப்போதுதான் யார் எந்தப் பக்கம் என்பது பதிவாகும். ஓர் அவையில் முடிந்ததும் அடுத்த அவையில் இதே சுற்று. அப்புறம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். இரு அவைகளும் ஒத்துப்போகாவிட்டால் கூட்டு அமர்வு கூட்டலாம்; இதுவரை அப்படி நிறைவேறியவை மூன்றே: 1961இல் வரதட்சணைத் தடை, 1978இல் வங்கிப் பணி ஆணையம் தொடர்பானது, 2002இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா. வரி, அரசுச் செலவு போன்றவற்றைப் பற்றிய பண மசோதாவில் மாநிலங்களவைக்கு அதிகாரம் குறைவு, 14 நாளுக்குள் பரிந்துரையோடு திருப்பி அனுப்ப மட்டுமே அதனால் முடியும்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாக்கெடுப்பு நாளன்று உங்கள் எம்.பி.யைத் தொலைபேசியில் பிடித்து "இதை எதிர்த்து வாக்களியுங்கள்" என்று கெஞ்சினாலும் அவரால் செய்ய முடிவது மிகக் குறைவு. 1985இல் 52வது திருத்தத்தால் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். பணத்துக்கும் பதவிக்கும் கட்சி மாறுவதைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. ஆனால் மனசாட்சிப்படி வாக்களிக்க நினைப்பவரையும் அதே கயிறு கட்டிவிடுகிறது. அதனால்தான் சொல்கிறேன்: மசோதாவின் பயணத்தில் நாம் எவ்வளவு முன்னால் பேசுகிறோமோ, அவ்வளவு இடம் கிடைக்கும். வாக்கெடுப்புக்கு வந்துவிட்ட மசோதாவில் நமக்கான இடம் ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது.

உண்மையான அலசல் நடக்கும் அறை

நிலைக்குழுக்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். நாடாளுமன்றத்தில் எனக்கு மிகவும் மதிப்பு இருப்பது அவற்றின் மேல்தான்.

துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 1993இல் 17ஆகத் தொடங்கின, 2004இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. பல கட்சியினரும் இருப்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். கேமரா கிடையாது, கொறடா உத்தரவு கிடையாது. முழக்கமிட்டுப் பெயர் வாங்க அங்கே வழியில்லை என்பதால், வெளியே ஒருவரையொருவர் கடுமையாகச் சாடுபவர்கள்கூட உள்ளே ஒரு வாசகத்தைத் திருத்த ஒன்றாக உட்காருகிறார்கள். துறைச் செயலாளர்களை வரவழைத்துக் கேள்வி கேட்கிறார்கள். நிபுணர்களையும் சங்கங்களையும் பாதிக்கப்படும் மக்களையும் கேட்கிறார்கள்.

ஒரு மசோதா குழுவுக்கு வந்ததும், பொதுமக்கள் கருத்து அனுப்பலாம் என்று குழு நாளிதழ்களில் விளம்பரம் கொடுக்கும். நாடாளுமன்ற இணையதளத்திலும் போடும். கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் சில வாரங்கள்தான். வழக்கறிஞராகவோ சங்கத் தலைவராகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏதும் இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம். நேரில் வந்து சொல்ல விரும்பினால் அதையும் கடிதத்தில் குறிப்பிட வேண்டும். அழைப்பதா வேண்டாமா என்பது குழுவின் முடிவு. அனுப்பிய பிறகு அந்தக் குறிப்பு குழுவின் ஆவணமாகிவிடும், ரகசியமாக வைக்கப்படும். நீங்களே அதை வெளியிடுவது குழுவின் உரிமையை மீறியதாகக் கருதப்படலாம் என்பதால் அனுப்பிய மறுநாள் முகநூலில் போட்டுவிடாதீர்கள்.

எப்படி எழுதுவது? "இந்த மசோதா மக்கள் விரோதமானது, உடனே கைவிடுக" என்று எழுதிய ஆயிரம் கடிதங்களைவிட, ஓர் உட்பிரிவின் எண்ணைச் சொல்லி அதில் எந்தச் சொல் யாரை எப்படிப் பாதிக்கும் என்று காட்டும் ஒரு பக்கக் கடிதம் அதிகம் பேசும். நான் பரிந்துரைக்கும் ஒழுங்கு இதுதான்: எந்த உட்பிரிவு, இப்போது என்ன எழுதியிருக்கிறது, நடைமுறையில் அதனால் என்ன ஆகும், அதற்குப் பதிலாக எந்த வாசகம் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குழுவினர் முன் நூற்றுக்கணக்கான தாள்கள் இருக்கும்போது, மாற்று வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்தவருக்கு வாய்ப்பு கூடும். உங்கள் வாழ்க்கை அனுபவத்தைச் சேர்க்கத் தயங்காதீர்கள். செவிலியருக்கு மருத்துவமனை தெரியும், மீனவருக்குக் கடல் தெரியும். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் 31 பேருக்கு அது தெரியாமல் இருக்கலாம். கருத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ கேட்பார்கள். அதனால் தமிழில் சிந்தித்து எழுதிவிட்டு, தெரிந்தவரை வைத்து மொழிபெயர்த்து, இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள்.

வருத்தம் என்னவென்றால், எல்லா மசோதாவும் குழுவுக்குப் போவதில்லை. அனுப்பியே ஆக வேண்டும் என்ற விதி கிடையாது. 2009 முதல் 2014 வரை இருந்த 15வது மக்களவையின் காலத்தில் பத்தில் ஏழு மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 2019 முதல் 2024 வரையிலான 17வது மக்களவையின் காலத்தில் அது ஏறத்தாழ ஆறில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. அவை கூடும் நாள்களும் குறைந்துவிட்டன: முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள் கூடியது, 17வது மக்களவை 55 நாள். நம் பேச்சுக்கு இடம் குறைவதை இந்த எண்கள் காட்டுகின்றன. "இந்த மசோதாவை நிலைக்குழுவுக்கு அனுப்பக் கோருங்கள்" என்று எம்.பி.க்கு எழுதுவது இன்று ஒரு குடிமகன் வைக்கக்கூடிய மிக நியாயமான கோரிக்கைகளில் ஒன்று என்று நினைக்கிறேன்.

திருநர் மசோதா போன பாதை

இப்போது உதாரணத்துக்கு வருவோம். 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானித்துக்கொள்ளும் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து திமுக உறுப்பினர் திருச்சி சிவா மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவருவதைத் தனிநபர் மசோதா என்பார்கள். வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் அவற்றை எடுத்துக்கொள்வது வழக்கம். விடுதலைக்குப் பின் இப்படி வந்து சட்டமானவை 14தான், 1970க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் 2015 ஏப்ரல் 24 அன்று சிவாவின் மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. அது சட்டமாகவில்லை என்றாலும், அந்த ஓட்டெடுப்புக்குப் பின் இந்த விஷயத்தை அரசால் தள்ளிப்போட முடியவில்லை.

2016 ஆகஸ்டில் அரசே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. அதைப் படித்த திருநர்கள் கொதித்துப்போனார்கள். முழுப் பெண்ணும் இல்லை முழு ஆணும் இல்லை என்ற ரீதியில் அவர்களை வரையறுத்திருந்தது அது. அடையாளச் சான்றிதழுக்கு மாவட்ட அளவில் ஒரு குழு அவர்களைப் பரிசீலிக்கும் என்றது. பிச்சை எடுக்கத் தூண்டுவதைக் குற்றமாக்கும் பிரிவும் இருந்தது. வேலை தர யாரும் முன்வராத நிலையில், அது தங்கள் மீதே திரும்பும் என்று அவர்கள் அஞ்சினார்கள். மசோதா சமூக நீதித் துறையின் நிலைக்குழுவுக்குப் போனது. திருநர்களும் அவர்களுடைய அமைப்புகளும் அங்கே எழுதிக் கொடுத்தார்கள், நேரிலும் பேசினார்கள். 2017 ஜூலையில் வந்த குழுவின் அறிக்கை வரையறையை மாற்றச் சொன்னது.

2018 டிசம்பரில் 27 திருத்தங்களோடு மக்களவையில் மசோதா நிறைவேறியது. அந்த வரையறை போய்விட்டது. ஆனால் மாவட்டக் குழுவும் பிச்சைப் பிரிவும் இருந்தன, தெருவில் போராட்டமும் ஓயவில்லை. அதற்குள் 2019 தேர்தல் வந்தது. மக்களவை கலைந்தால், அது நிறைவேற்றி மாநிலங்களவையில் நிலுவையில் இருக்கும் மசோதாவும் காலாவதியாகிவிடும். முன்னால் நினைவில் வைக்கச் சொன்ன வேறுபாட்டுக்கு இங்கேதான் வேலை. மசோதா செத்தது, அதனால் மீண்டும் பேச ஒரு வாய்ப்பு பிறந்தது. 2019 ஜூலையில் புதிதாகக் கொண்டுவந்தபோது மாவட்டக் குழுவும் பிச்சைப் பிரிவும் அதில் இல்லை. ஆகஸ்ட் 5 அன்று மக்களவையிலும் நவம்பர் 26 அன்று மாநிலங்களவையிலும் அது நிறைவேறியது. திருநர்கள் கேட்ட எல்லாம் கிடைத்துவிடவில்லை. சான்றிதழுக்கு மாவட்ட ஆட்சியரிடம்தான் போக வேண்டும் என்பதும், அவர்கள் மீதான பாலியல் வன்முறைக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டுதான் தண்டனை என்பதும் அவர்களைக் காயப்படுத்தின. ஆனாலும் 2016 மசோதாவையும் 2019 சட்டத்தையும் அருகருகே வைத்துப் படித்தால், நீக்கப்பட்ட ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ எழுதிய, யாரோ போய்ப் பேசிய உழைப்பு தெரியும்.

கேள்வியும் வாக்குறுதியும்

மசோதா மட்டும்தான் வழி என்றில்லை. மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம் தொடங்கும். மாநிலங்களவையில் 2014 முதல் நண்பகல் 12 மணிக்கு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகளும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளுக்கு அப்படி 20 கேள்விகள் பட்டியலிடப்படும். நட்சத்திரம் இல்லாதவை 230 வரை. அவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். குலுக்கல் முறையில் வரிசை முடிவாகிறது.

அந்த 230இல்தான் நமக்குப் புதையல். உங்கள் மாவட்டத்தில் ஒரு திட்டத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்பதை உங்கள் எம்.பி. மூலம் கேட்கலாம். கேள்வி சுருக்கமாகவும், ஒன்றிய அரசின் பொறுப்பில் இருப்பதாகவும், தகவலைக் கேட்பதாகவும் இருக்க வேண்டும். கருத்தையோ குற்றச்சாட்டையோ திணித்தால் ஏற்க மாட்டார்கள். "எத்தனை, எப்போது முதல், ஏன் தாமதம், எப்போது முடியும்" என்று நான்கு வரியில் எழுதி எம்.பி. அலுவலகத்தில் கொடுத்துப் பாருங்கள். பல எம்.பி.களுக்கு நல்ல கேள்வி தயார் செய்து தர ஆள் இல்லை. பதில் வந்தால் அது இணையதளத்தில் எல்லோரும் படிக்கும்படி நிற்கும், பின்னால் நீங்கள் எழுதும் எந்த மனுவுக்கும் அதுவே ஆதாரம்.

அமைச்சர்கள் சில சமயம் "தகவல் திரட்டப்படுகிறது", "பரிசீலிக்கப்படும்" என்று சொல்வதைக் கேட்டு நாம் சலித்துக்கொள்கிறோம். அந்தச் சொற்கள் காற்றோடு போவதில்லை என்பது எனக்குத் தெரியவந்தபோது மிகவும் வியப்பாக இருந்தது. அரசின் வாக்குறுதிகளைக் கண்காணிக்கவே ஒரு குழு இருக்கிறது, மக்களவையில் 1953 முதல். அமைச்சர் அவையில் இப்படிச் சொன்னால் அது வாக்குறுதியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் குழுவிடம் காரணம் சொல்லி அவகாசம் கேட்க வேண்டும். உங்கள் ஊர்ப் பிரச்சினைக்கு அவையில் இப்படி ஒரு பதில் கிடைத்திருந்தால், தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து எம்.பி.யிடம் போங்கள்.

நேரடியாக ஒரு மனு

நாடாளுமன்றத்துக்கே மனு கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. இரு அவைகளிலும் மனுக்கள் குழு உண்டு. மக்களவையில் 15 பேர், மாநிலங்களவையில் 10 பேர். நிலுவையில் உள்ள மசோதாவைப் பற்றியோ பொதுநலம் சார்ந்த விஷயத்தைப் பற்றியோ எழுதலாம். நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும் விஷயத்தை எடுக்க மாட்டார்கள். மரியாதையான மொழி, தெளிவான கோரிக்கை, கையெழுத்து, முகவரி இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும். அவையில் முறையாக முன்வைக்க ஓர் உறுப்பினரின் மேலொப்பம் தேவை.

இதனால் எதுவும் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு முன்னாள் ராணுவத்தினரின் கதையைச் சொல்வேன். ஒரே பதவியில், ஒரே அளவு காலம் பணியாற்றிய இருவர், ஓய்வு பெற்ற ஆண்டு வேறு என்பதற்காக வெவ்வேறு ஓய்வூதியம் வாங்குவது நியாயமா என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தார்கள். அது மாநிலங்களவையின் மனுக்கள் குழுவுக்கு மனுவாகப் போனது. பகத் சிங் கோஷ்யாரி தலைமையிலான குழு 2011 டிசம்பரில், 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது வரை முழக்கமாக இருந்த ஒன்றுக்கு அந்த அறிக்கை ஒரு திட்டவட்டமான வரையறையைக் கொடுத்தது. பிறகு நடந்த ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் அதைத்தான் மேற்கோள் காட்டினார்கள். 2015 நவம்பரில் அரசாணை வந்தது. குழுவின் பரிந்துரை அரசைக் கட்டாயப்படுத்தாது, அந்த நான்கு ஆண்டுகளில் மறியலும் உண்ணாவிரதமும் தேவைப்பட்டன. ஆனால் வீதியில் கேட்டதைத் துல்லியமாகச் சொல்ல அவர்கள் கையில் நாடாளுமன்றத்தின் தாள் ஒன்று இருந்தது.

சட்டம் வந்த பிறகும்

சட்டம் நிறைவேறியதும் பலர் சோர்ந்து விலகிவிடுகிறார்கள். அங்கேதான் இன்னொரு இடம் திறக்கிறது. சட்டம் பொதுவாகச் சொல்வதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்று அமைச்சகம் விதிகளை எழுதும்: எந்தப் படிவம், எந்த அலுவலர், எத்தனை நாள், என்னென்ன ஆவணம். மக்கள் அன்றாடம் முட்டிக்கொள்வது பெரும்பாலும் சட்டத்தோடு இல்லை, இந்த விதிகளோடுதான். பல சட்டங்களில் வரைவு விதிகளை அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு.

திருநர் சட்டத்துக்கான வரைவு விதிகள் 2020 ஏப்ரலில் வந்தன, நாடே ஊரடங்கில் முடங்கியிருந்த நேரம். வேலையும் வருமானமும் நின்றுபோயிருந்த ஒரு சமூகத்திடம் இரண்டு வாரத்தில் கருத்துச் சொல்லச் சொன்னார்கள். அவகாசம் போதாது என்று எழுதினார்கள், தேதி தள்ளிப்போனது. சான்றிதழ் கேட்பவர் உளவியலாளரின் அறிக்கையைக் கொண்டுவர வேண்டும் என்று அந்த வரைவு சொன்னது. நான் யார் என்பதை இன்னொருவர் ஏன் சான்றளிக்க வேண்டும் என்று ஊர் ஊராகத் திருநர் குழுக்கள் தொலைபேசியிலேயே கூடிப் பேசி, உட்பிரிவு எண்களைக் குறித்து, மின்னஞ்சல் அனுப்பின. ஜூலையில் திருத்திய வரைவு வந்தது. செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளில், மாவட்ட ஆட்சியர் எந்த மருத்துவப் பரிசோதனையோ உடல் பரிசோதனையோ இல்லாமல், விண்ணப்பதாரரின் உறுதிமொழிப் பத்திரத்தை வைத்தே அடையாளச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்று இருந்தது.